பல் எக்ஸ்ரே பாதுகாப்பாக எடுத்துக்கொள்வது எப்படி? வீட்டிலிருந்து கிளம்புவது முதல் படத்தை வாங்கி வைப்பது வரை

பல் எக்ஸ்ரே எடுக்கும் அறையில் 12 வருடமாக வேலை செய்கிறேன். முதலில் ஒரு சின்ன பல் கிளினிக்கில் இருந்தேன். இப்போது ஓபிஜி (தாடை முழுவதற்குமான படம்), சிபிசிடி (முப்பரிமாணப் படம்) இரண்டும் எடுக்கும் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். "சிஸ்டர், இதனால ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்காத ஆள் வந்த நாளே கிடையாது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் பட்டனை அழுத்தப் போகும் நேரத்தில்தான் கேட்கிறார்கள். அதற்குள் பாதுகாப்பு சம்பந்தமான முக்கால்வாசி விஷயங்கள் முடிந்துபோயிருக்கும். இந்தப் படம் தேவைதானா, போன மாதம் எடுத்த படம் வீட்டில் கிடக்கிறதா, காதில் தோடு இருக்கிறதா, கர்ப்பம் என்பதைச் சொன்னார்களா, இதெல்லாம் நாற்காலியில் உட்காரும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

ஒழுங்காக எடுத்த ஒரு படத்தின் கதிர்வீச்சு மிகக் குறைவு. தேவையில்லாமல் எடுக்கிற படமும், கெட்டுப்போனதால் மறுபடி எடுக்கிற படமும்தான் வீணாக உடம்பில் சேர்கிறது. இரண்டையும் தடுப்பதில் நோயாளிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் வரிசைப்படி எழுதுகிறேன். வரிசை மாறினால் பலன் குறையும்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: பழைய பல் எக்ஸ்ரேக்கள் (பிலிம், பிரிண்ட், போனில் இருக்கும் படம், எதுவானாலும்), டாக்டர் எழுதிய சீட்டு, நகைகளைப் போட ஒரு சின்ன டப்பா அல்லது பர்ஸ், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல்.

1. உங்களுக்கு எழுதியிருப்பது எந்த எக்ஸ்ரே என்று பாருங்கள்

"பல் எக்ஸ்ரே" என்ற ஒரே பெயருக்குள் நாலு விதமான படங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கதிர்வீச்சு பத்து மடங்கு, நூறு மடங்கு கூட வித்தியாசப்படும். அதனால் முதல் வேலை, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது.

ஆர்விஜி அல்லது ஐஓபிஏ என்று எழுதியிருந்தால், வாய்க்குள் சின்ன சென்சாரோ பிலிமோ வைத்து இரண்டு மூன்று பற்களை மட்டும் எடுக்கும் படம். டிஜிட்டல் சென்சாரில் எடுத்தால் ஒரு படத்துக்குச் சில மைக்ரோசீவர்ட்தான் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரும், பெரும்பாலும் 1 முதல் 8 வரை. கடைவாய்ப் பற்களின் இடுக்கில் சொத்தை இருக்கிறதா என்று பார்க்கும் 'பைட்விங்' படமும் இந்த வகைதான்.

ஓபிஜி என்றால் மெஷின் தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படத்தில் எடுக்கும். கருவியைப் பொறுத்து சுமார் 25 மைக்ரோசீவர்ட் வரை போகும். கிளிப் போடும் முன் பக்கவாட்டில் எடுக்கும் செபலோகிராம் இதைவிடக் குறைவு.

சிபிசிடி முப்பரிமாணப் படம். இதில்தான் கவனம் தேவை. ஒரு பல்லைச் சுற்றிய சின்னப் பகுதியை மட்டும் எடுத்தால் சில பத்து மைக்ரோசீவர்ட்டோடு முடியலாம். முகம் முழுக்கப் பெரிய பகுதியாக, உயர் தரத்தில் எடுத்தால் சில நூறு, சில கருவிகளில் 1000 வரை கூடப் போகும்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? மண்ணிலிருந்தும், வானிலிருந்தும், காற்றில் கலந்திருக்கும் ரேடான் வாயுவிலிருந்தும் நம் எல்லோருக்கும் தினமும் கதிர்வீச்சு வந்துகொண்டேதான் இருக்கிறது. உலகச் சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2400 மைக்ரோசீவர்ட். ஒரு நாளுக்கு ஆறரை. ஆக ஒரு ஆர்விஜி படம் நீங்கள் சும்மா வீட்டில் இருந்தாலே ஒரு நாளில் வரும் அளவுதான். ஓபிஜி சில நாட்களின் அளவு. பெரிய சிபிசிடி பல வாரம், சில சமயம் பல மாதங்களின் அளவு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் தோரியம் கலந்த மோனசைட் மணல் இருப்பதால் அந்தப் பக்கத்து மக்களுக்கு இயற்கையிலேயே இந்தச் சராசரியைவிட அதிகமாக வருகிறது.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழுவான ஐசிஆர்பி, ஒரு சீவர்ட்டுக்கு (10 லட்சம் மைக்ரோசீவர்ட்) சுமார் 5 சதவீதம் என்று புற்றுநோய் ஆபத்தை மதிப்பிடுகிறது. இவ்வளவு குறைந்த அளவிலும் அதே விகிதம் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 5 மைக்ரோசீவர்ட் படம் ஒன்றால் வாழ்நாளில் வரக்கூடிய கூடுதல் ஆபத்து 40 லட்சத்தில் ஒன்று. குழந்தைகளுக்கு இது சில மடங்கு கூடும். பயப்பட வேண்டிய எண் கிடையாது. ஆனாலும் பூஜ்யம் என்று நான் சொல்லமாட்டேன். காரணம் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது என்பதற்கு அந்தச் சின்ன எண் போதும்.

2. பழைய படத்தைத் தேடி எடுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு மனசு வலிக்கிற படியும் இதுதான்.

ஒருமுறை ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஓபிஜி எடுக்க வந்தார். எடுத்து முடித்து பிரிண்ட்டைக் கையில் கொடுத்ததும், "இதே மாதிரி ரெண்டு வீட்ல இருக்கும்மா" என்றார். விசாரித்தால் இரண்டு மாதத்துக்குள் மூன்று கிளினிக் போயிருக்கிறார், மூன்று இடத்திலும் ஓபிஜி. எந்த டாக்டரிடமும் பழைய படத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அதன்பிறகு சீட்டை வாங்கியவுடன் நான் கேட்கும் முதல் கேள்வியே "இதுக்கு முன்னாடி எப்ப எடுத்தீங்க?" என்பதுதான்.

ஆறு மாதத்துக்குள் எடுத்த தெளிவான ஓபிஜி இருந்தால், பல சமயம் டாக்டருக்கு அதுவே போதும். கூடுதலாக வலிக்கிற பல்லுக்கு மட்டும் ஒரு ஆர்விஜி எடுத்தால் வேலை முடிந்துவிடும். பழைய படத்தால் இன்னொரு லாபமும் உண்டு. வேர் நுனியில் இருக்கும் கறுப்பு நிழல் போன வருடத்தைவிடப் பெரிதாகியிருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க முடியும். புதுப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தனியாக அதைச் சொல்லாது.

இங்கே செய்யும் தவறுகள்: பிலிமை நாலாக மடித்து பைக்குள் வைப்பது, மடிப்பு விழுந்த இடம் எலும்பு முறிவு போலத் தெரியும். டியூப் லைட்டுக்கு எதிரில் பிடித்து எடுத்த போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரிஜினலைத் தூக்கிப் போடுவது. எந்தத் தேதியில் எடுத்தது என்று தெரியாமல் வைத்திருப்பது.

3. டாக்டர் முதலில் வாயைப் பார்க்கட்டும்

வரிசையிலேயே மிக முக்கியமான இடம் இது. டாக்டர் உங்களிடம் பேசி, வாயைத் திறந்து பார்த்து, பல்லைத் தட்டிப் பார்த்த பிறகுதான் எந்தப் படம் வேண்டும் என்று முடிவாக வேண்டும். சில இடங்களில் உள்ளே நுழைந்ததுமே, டாக்டரைப் பார்க்கும் முன்பே, "எல்லாருக்கும் ஓபிஜி எடுத்துடுவோம்" என்று ரிசப்ஷனில் சொல்லிவிடுகிறார்கள். இலவச முகாம்களிலும் இப்படி நடக்கிறது. "டாக்டர் பார்த்துட்டு சொன்னா எடுத்துக்கறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். தப்பே கிடையாது.

டாக்டர் பார்த்து எழுதிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இந்தப் படத்தில எதைப் பார்க்கப் போறீங்க?" நல்ல டாக்டர் ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். "ஞானப்பல் நரம்பை ஒட்டி இருக்கான்னு பார்க்கணும்." "வேர் நுனியில சீழ் இருக்கான்னு பார்க்கணும்." இப்படிப் பதில் வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். "சும்மா ஒரு செக்கப்புக்கு" என்று வந்தால், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேளுங்கள்.

வலி எதுவும் இல்லாதவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம் என்றும் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே காலண்டர் கிடையாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2012-ல் வெளியிட்ட பரிந்துரையில், சொத்தை வரும் வாய்ப்பு குறைவாக உள்ள பெரியவர்களுக்கு பைட்விங் படம் 24 முதல் 36 மாதத்துக்கு ஒருமுறை, வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு 6 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை என்று இருக்கிறது. வருடா வருடம் ஓபிஜி என்பது அதில் எங்குமே கிடையாது.

ரூட் கெனால் செய்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. ஒரே பல்லுக்கு மூன்று, நாலு, சில சமயம் ஐந்து ஆர்விஜி எடுப்பார்கள். வேரின் நீளம் பார்க்க ஒன்று, அடைக்கும் குச்சி நுனி வரை போகிறதா என்று பார்க்க ஒன்று, அடைத்த பிறகு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பயந்துபோய் "வேண்டாம்" என்று நடுவில் நிறுத்தினால் வேர் பாதி அடைபட்டு நிற்கும், மறுபடி வலி வரும், மறுபடி முதலிலிருந்து எல்லாம். வேரின் நீளத்தை அளக்கும் அபெக்ஸ் லொகேட்டர் என்ற கருவி இருக்கும் கிளினிக்கில் நீளம் பார்க்கும் படங்கள் குறையலாம்.

சிபிசிடி எழுதினால் கூடுதலாக இன்னொரு கேள்வி: "எவ்வளவு பகுதி எடுக்கணும்?" ஒரு இம்பிளான்ட்டுக்கு (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும், முகம் முழுக்கத் தேவையில்லை. சீட்டில் பகுதியின் அளவு எழுதாமல் வந்தால் நாங்களே டாக்டருக்கு போன் போட்டுக் கேட்போம். கேட்காமல் பெரிதாக எடுத்துவிடும் இடங்களும் இருக்கின்றன. அதனால் நீங்களே எழுதி வாங்கி வருவது நல்லது. சொத்தை தேட சிபிசிடி சரிப்படாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உலோகக் கேப், பழைய வெள்ளி அடைப்பு இருந்தால் படம் முழுக்கக் கோடு கோடாக விழுந்து, பக்கத்துப் பல்லே தெரியாது.

4. சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லுங்கள்

கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், சொல்லிவிடுங்கள். மறைக்கக் காரணமே இல்லை. சொன்னதற்காகச் சிகிச்சையை நிறுத்தவும் மாட்டார்கள்.

ஐந்து மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருவர் கன்னம் வீங்கி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்க முடியாமல் வந்தார். கூட வந்த மாமியார் கதவருகே நின்றுகொண்டு, "ஏம்மா, வயித்துப் பிள்ளைக்காரிக்கு எக்ஸ்ரேயா? குழந்தை பிறந்து எடுத்துக்கலாம்" என்றார். பத்து நாளாக இதே பேச்சில்தான் அந்தப் பெண்ணுக்கு இந்த வீக்கம் வந்திருக்கிறது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாவை உட்கார வைத்தேன். "அம்மா, கதிர் போற இடம் கடவாய்ப் பல்லு. குழந்தை இருக்கிறது இங்க" என்று கையை வைத்துக் காட்டினேன். அப்புறம் எண்ணையும் சொன்னேன். பல் எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேரும் அளவு 0.01 மில்லிகிரேக்கும் (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு) கீழே. கருவுக்குப் பாதிப்பு வரலாம் என்று மருத்துவர்கள் கவலைப்பட ஆரம்பிக்கும் அளவு 50 மில்லிகிரே. 5000 மடங்கு இடைவெளி. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியும் கர்ப்ப காலத்தில் தேவையான பல் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கினால் தாய், குழந்தை இரண்டு பேருக்கும் ஆபத்து. தள்ளிப்போடுவதில்தான் பயம் இருக்கிறது.

அதேசமயம், கர்ப்பத்தில் அவசரமில்லாத படங்களை, கிளிப் போடுவதற்கான ஓபிஜி மாதிரி, பிரசவம் முடிந்து எடுத்துக்கொண்டால் போகிறது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. எக்ஸ்ரே உடம்பில் தங்காது. பட்டனை விட்டதும் கதிர் நின்றுவிடும், பாலில் எதுவும் சேராது.

இவற்றையும் சொல்லுங்கள்: வாயில் எதை வைத்தாலும் குமட்டும் பழக்கம், கழுத்தை நிமிர்த்த முடியாத பிரச்சினை, நிற்கும்போது தலை சுற்றுவது, கை நடுக்கம், கழற்றும் பல்செட். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற முறையை நாங்கள் தேர்ந்தெடுப்போம். தெரியாவிட்டால் முதல் படம் கெட்டுப்போன பிறகுதான் தெரியவரும்.

தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள் "ஏற்கெனவே இவ்வளவு கதிர் வாங்கியாச்சு, இன்னும் எக்ஸ்ரேயா?" என்று தயங்குவார்கள். அந்தச் சிகிச்சையின் அளவுக்கு முன்னால் பல் எக்ஸ்ரே கணக்கிலேயே வராது. கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அதனால் சிகிச்சைக்கு முன்பே எக்ஸ்ரே எடுத்து, கெட்டுப்போன பற்களைச் சரிசெய்துகொள்வது மிக மிக அவசியம்.

5. அறைக்குள் போனதும் நாலு இடத்தில் கண்ணை ஓட்டுங்கள்

சுவரில் பதிவுச் சான்று இருக்கிறதா? இந்தியாவில் எக்ஸ்ரே கருவி வைத்திருப்பவர்கள் மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியிடம், இ-லோரா என்ற இணையவழி முறையில் பதிவோ உரிமமோ பெற வேண்டும். ஒரே ஒரு ஆர்விஜி மெஷின் வைத்திருக்கும் சின்ன கிளினிக்குக்கும் இது பொருந்தும். பதிவு இருந்தால், அந்த மாடல் கருவி அங்கீகாரம் பெற்றது, சோதனைக்கு உட்பட்டது என்று நம்பலாம்.

மெஷின் எப்படி இருக்கிறது? சுவரில் மாட்டியதோ ஸ்டாண்டில் நிற்பதோ நல்லது. கேமரா மாதிரி கையில் பிடித்து எடுக்கும் கருவிகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. அதில் அங்கீகாரம் பெற்ற நல்ல கருவிகளும் இருக்கின்றன, முகப்பில் வட்டமான தடுப்புத் தட்டு இருக்கும். ஆன்லைனில் மலிவாக வாங்கிய அங்கீகாரமில்லாத கருவிகளும் இருக்கின்றன. இப்படிப்பட்ட கருவிகளைப் பற்றி 2012-லேயே அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ எச்சரித்தது. கை ஆடினால் படமும் கலங்கும், மறுபடி எடுக்க வேண்டிவரும்.

சென்சாருக்குப் புது பிளாஸ்டிக் உறை போடுகிறார்களா? கதிர்வீச்சைப் பற்றி நூறு கேள்வி கேட்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கு இது பெரிய வருத்தம். சென்சாரை மற்ற கருவிகள் மாதிரி ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) போட்டு எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொருவருக்கும் புது உறை போட வேண்டும், நடுவில் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். உறை உங்கள் கண் முன்னால் மாட்டப்பட வேண்டும். மாட்டவில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள், கேளுங்கள்.

கடைசியாக, எடுப்பவர் எங்கே நிற்கிறார்? தடுப்புக்குப் பின்னாலோ, சுமார் 2 மீட்டர் தள்ளி, கதிர் போகும் திசைக்குப் பக்கவாட்டிலோ நிற்க வேண்டும். "ஒண்ணும் ஆகாதுன்னா நீங்க ஏன் ஓடுறீங்க?" என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வி. உங்களுக்கு வருடத்தில் இரண்டோ மூன்றோ படம். நான் ஒரு நாளைக்கு முப்பது எடுக்கிறேன், வருடம் முழுக்க. எனக்குப் பலன் தராத கதிர் எனக்கு எதற்கு? நான் உங்கள் பக்கத்திலேயே நின்று சென்சாரை என் விரலால் பிடித்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். அப்படிப் பிடிக்கவே கூடாது.

6. கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள், வேண்டாததை விட்டுவிடுங்கள்

ஆர்விஜிக்கு அதிகம் எதுவும் இல்லை. கண்ணாடி, கழற்றும் பல்செட், மேல் முன்பல்லை எடுத்தால் மூக்குத்தி. தாலி, சங்கிலி எதுவும் கழற்ற வேண்டாம்.

ஓபிஜிக்கும் சிபிசிடிக்கும் கழுத்துக்கு மேலே எந்த உலோகமும் இருக்கக் கூடாது. தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி, ஹேர்பின், கிளிப், காது கேட்கும் கருவி, தலைத்துணியில் குத்திய ஊசி எல்லாம். காரணம் தெரிந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஓபிஜியில் மெஷின் சுற்றி வருவதால் வலது காதுத் தோடு வலது பக்கத்தில் மட்டும் விழாது. அதன் மங்கலான, பெரிதான நிழல் இடது பக்கத்திலும் கொஞ்சம் மேலே விழும். கல் வைத்த ஒரு தோட்டின் நிழல் எதிர்ப்பக்கத்து மேல் கடைவாய்ப் பகுதியையே மூடிவிடும். டாக்டருக்கு அங்கேதான் பார்க்க வேண்டும் என்றால் மறுபடி முதலிலிருந்து.

வயதானவர்களுக்குத் தோட்டின் திருகாணி இறுகிப் போயிருக்கும். பத்து இருபது வருடமாகக் கழற்றியே இருக்க மாட்டார்கள். சென்டரில் வந்து அவசரமாகத் திருகினால் காதுதான் புண்ணாகும். முந்தின நாள் இரவே ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் சுலபமாக வரும்.

தாலி விஷயத்தில் பலர் சங்கடப்பட்டு, சொல்லாமல் துணிக்குள் மறைத்துவிடுவார்கள். மறைக்க வேண்டாம், சொல்லுங்கள். நெஞ்சில் தொங்கும் தாலி படத்தில் வராது. பின்கழுத்தில் கிடக்கும் சங்கிலிதான் பிரச்சினை. நீளமான சங்கிலி என்றால் பின்பக்கத்தைக் கீழே இழுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டால் போதும். மஞ்சள் கயிறு என்றால் கவலையே இல்லை, நூல் எக்ஸ்ரேயில் தெரியாது.

7. ஈய ஏப்ரன், கழுத்துப் பட்டை

இதில் நிறைய குழப்பம் இருக்கிறது. பல வருடமாக எல்லோருக்கும் ஏப்ரன் போட்டோம். இப்போதைய கருவிகளில் கதிர் குறுகலாக, குறி வைத்த இடத்துக்கு மட்டும் போகிறது. உடம்புக்குள் சிதறிப் போகும் சிறு அளவை வெளியே போட்ட ஏப்ரன் தடுக்காது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், பல் எக்ஸ்ரேக்கு ஏப்ரனும் தைராய்டு பட்டையும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கூட, என்று சொல்லிவிட்டது. அதனால் ஏப்ரன் போடவில்லை என்பதற்காக ஒரு கிளினிக்கை மோசம் என்று முடிவு கட்டாதீர்கள்.

நம்ம ஊரில் பெரும்பாலான இடங்களில் இன்னும் போடுகிறோம். போட்டால் மறுக்க வேண்டாம், மனசுக்கும் தைரியமாக இருக்கும். ஒரே ஒரு விஷயம்: ஓபிஜிக்கு கழுத்துப் பட்டை கேட்டு அடம்பிடிக்காதீர்கள். ஓபிஜியில் கதிர் பின்னாலிருந்து வருகிறது. கழுத்தில் பட்டை இருந்தால் கீழ்த்தாடையின் மேல் பெரிய வெள்ளைத் திட்டு விழுந்து படம் வீணாகிவிடும். ஏப்ரன் போட்டாலும் பின்கழுத்தில் ஏறாமல் தோளோடு நிற்க வேண்டும்.

8. ஆர்விஜி: நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

சென்சார் கெட்டியானது, மூலைகள் அழுத்தும். கீழ்க் கடைவாய்க்கு வைக்கும்போதுதான் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். இங்கே செய்யும் தவறு, வலிக்கும் என்று நினைத்து நாக்கை விறைப்பாக்குவது. அப்படிச் செய்தால் வாயின் அடித்தளம் மேலே தூக்கிக்கொண்டு சென்சாரைத் தள்ளும், இன்னும் வலிக்கும். நாக்கைத் தளர விடுங்கள். மெதுவாகக் கடியுங்கள். வாயை மூட மூட அடித்தளம் தானாக இளகி, சென்சார் கீழே இறங்கி உட்காரும். அந்த இரண்டு விநாடி பொறுத்தால் அழுத்தம் பாதியாகக் குறையும்.

சென்சாரைப் பிடிக்க ஹோல்டர் இருந்தால் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். நம் ஊரில் "விரல வச்சுப் புடிச்சுக்கங்க" என்பது வழக்கமாகிவிட்டது. விரல் நழுவினால் வேர் நுனி படத்துக்கு வெளியே போய்விடும். டாக்டர் பார்க்க வேண்டிய இடமே அதுதான். உங்கள் விரலிலும் தேவையில்லாமல் கதிர் படும்.

குமட்டல் இருப்பவர்களுக்கு: மூக்கு வழியாக நீளமாக மூச்சு விடுங்கள். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தால் பலருக்கு அடங்கும். ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கச் சொல்வேன், கவனம் அங்கே போய்விடும். பல படங்கள் எடுக்க வேண்டும் என்றால் முன்பல்லில் ஆரம்பித்து கடைவாயைக் கடைசியில் எடுக்கச் சொல்லுங்கள். முதலிலேயே கடைவாய் போனால் குமட்டல் கிளம்பி, அப்புறம் எதுவும் எடுக்க முடியாது.

பீப் சத்தம் அரை விநாடிகூட இருக்காது. சத்தம் கேட்டு முடியும் வரை தலை அசையக் கூடாது, முடிந்தபின் அவர் வந்து எடுக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

9. ஓபிஜி: மேடையில் நிற்கும்போது

மெஷின் சுற்ற 12 முதல் 18 விநாடி ஆகும். அவ்வளவு நேரமும் சிலை மாதிரி நிற்க வேண்டும். நிற்கும் விதம் இப்படி: கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கால்களை அரை அடி முன்னால் வையுங்கள். கொஞ்சம் பின்னால் சாய்ந்தது போல இருக்கும், விழ மாட்டீர்கள். இப்படி நின்றால்தான் கழுத்தெலும்பு நேராக நீளும். கூன் போட்டு நின்றால் முதுகெலும்பின் நிழல் வெள்ளையாக முன்பற்களின் மேல் விழும்.

கடிக்கும் குச்சியின் பள்ளத்தில் மேல், கீழ் முன்பற்கள் இரண்டும் உட்கார வேண்டும். உதட்டை மூடுங்கள். ஒரு மிடறு விழுங்குங்கள். விழுங்கும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டும் அல்லவா, அதை அப்படியே ஒட்டி வையுங்கள். நாக்கு கீழே இறங்கினால் நடுவில் காற்றிடைவெளி வந்து, மேல் பற்களின் வேரெல்லாம் கறுத்துப்போகும். நான் பார்த்ததில் பாதிப் படங்கள் இந்த நாக்கால்தான் கெடுகின்றன.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மெஷின் நகர்வதைக் கண் பின்தொடர்ந்தால் தலையும் சேர்ந்து திரும்பிவிடும்.

10. குழந்தைகளை அழைத்து வந்தால்

குழந்தைகளின் உடல் வளரும் உடல், கதிரின் தாக்கம் கூடுதல். அதனால் கேட்க வேண்டியது ஒன்று: "குழந்தைக்கான அளவு வச்சீங்களா?" மெஷினில் பெரியவர், குழந்தை என்று தனித்தனிப் பட்டன் இருக்கும். முந்தின நோயாளிக்கு வைத்ததை மாற்ற மறந்துவிட்டால் பிள்ளைக்கு வீணாக அதிகம் போகும். சின்ன சென்சாரோ பிலிமோ இருந்தால் அதையும் கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு ஐஸ்கிரீம் குச்சியை வாயில் வைத்து, பத்து எண்ணும் வரை கடித்துப் பழகிக் கூட்டி வாருங்கள். பழகி வரும் பிள்ளை முதல் தடவையிலேயே எடுத்துக்கொள்ளும். அழுது திமிறும் பிள்ளையை நாலு பேர் பிடித்து எடுக்கும் படம் ஒருநாளும் தெளிவாக வராது. அவசரம் இல்லை என்றால் இன்னொரு நாள் வாருங்கள். பிடித்தே ஆக வேண்டும் என்றால் அப்பாவோ அம்மாவோ ஏப்ரன் போட்டுப் பிடிக்கலாம், கர்ப்பமாக இருப்பவர் பிடிக்கக் கூடாது.

11. "மறுபடி எடுக்கணும்" என்றால்

எனக்கும் தவறும். ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டியது என் கடமை. "என்ன தெரியல, காட்டுங்க" என்று கேளுங்கள். திரையில் காட்டும்போது உங்களுக்கே புரியும்: வேர் நுனி வெட்டுப்பட்டிருக்கும், ஒரு ஓரம் கதிரே படாமல் வெறுமையாக இருக்கும், அசைந்து கலங்கியிருக்கும். பார்க்க வேண்டிய பல் தெளிவாக இருந்து, ஓரத்தில் வேறெங்கோ குறை என்றால் மறுபடி எடுக்கத் தேவையில்லை. அழகுக்காக எடுக்கக் கூடாது. டாக்டரிடம் ஒருமுறை காட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு தடவையும் அதே தவறு வந்தால் மூன்றாவதாக அதே முறையில் எடுக்க வேண்டாம். ஹோல்டரை மாற்ற வேண்டும், கோணத்தை மாற்ற வேண்டும், அல்லது வேறு ஆள் எடுக்க வேண்டும்.

12. படத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்

இரண்டாவது படியில் தேடிய பழைய படம், இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்தப் படம்தான். பிரிண்ட்டோடு கோப்பையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மெயிலில் வாங்குங்கள். சிபிசிடி என்றால் டைகாம் கோப்பு (ஸ்கேன் படங்களுக்கான மூலக் கோப்பு) முழுவதையும் பென்டிரைவிலோ சிடியிலோ வாங்க வேண்டும். நாலு பக்கப் பிரிண்ட்டை வைத்து வேறு டாக்டர் இம்பிளான்ட் அளவு எடுக்க முடியாது, மறுபடி ஸ்கேன் எழுதுவார்.

கிளினிக்கிலேயே எடுத்த ஆர்விஜியைப் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால். கேட்டால் கொடுப்பார்கள்.

கோப்பின் பெயரை வீட்டுக்குப் போய் மாற்றலாம் என்று நினைத்தால் மாற்றவே மாட்டீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தோட்டை மாட்டிக்கொள்ளும்போதே மாற்றிவிடுங்கள்: யாருக்கு, எந்தப் பல், என்ன தேதி.